சின்னக் கோயிலின் கோணல் வாசல்

என் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கட்டட வரைபடம் தொங்குகிறது. கறுப்பு இங்க்கில் வரைந்தது. நீளம் முப்பத்து மூன்று அடி, அகலம் பதினெட்டு, நாலு மூலையும் கச்சிதம். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அடடா, என்ன சுத்தமான கோடு என்பார்கள். நான் பேச்சை மாற்றிவிட்டுக் காபி போடப் போய்விடுவேன்.

எழுபதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். தற்காலிக வேலைதான். அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், தம்பிகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். என் வேலை நிரந்தரமாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் வீடு ஓடியது. தலைமையாசிரியையை எல்லோரும் மதர் என்றுதான் கூப்பிடுவோம். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், குள்ளமான உருவம், கட்டைக் குரல். காய்ச்சல் என்று சாக்குச் சொல்லும் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, வாய்க்குத்தான் ஜுரம்" என்று வகுப்புக்குத் துரத்துவார். பொய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

பள்ளி வளாகத்தின் ஓரத்தில் இருந்த சின்னக் கோயில்தான் மதருக்கு உயிர். உள்ளே நாற்பது பேர் உட்கார்ந்தாலே மூச்சு முட்டும். ஆனால் முகப்பு இருக்கிறதே, அம்மாடி! முறுக்குப் பிழிந்து நிறுத்திய மாதிரி இரண்டு தூண்கள், மேலே இரண்டு பக்கமும் சுருண்டு இறங்கும் சுதை வேலை, நடுவில் சிப்பி வடிவ மாடம், அதற்குள் மாதா. புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு சாமியார் அதைப் பரோக் பாணி என்றார். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கோயில்களை இப்படித்தான் நெளிவும் சுழிவுமாகக் கட்டினார்களாம். இதைக் கட்டியவர்கள் என்னவோ நம்மூர்க் கோபுர வேலைக்காரர்கள்தான் என்பது பார்த்தாலே தெரியும். சம்மனசுகள் என்கிற தேவதூதர்களுக்குத் தொந்தி போட்டு, காலில் தண்டையும் மாட்டியிருந்தார்கள். மாதாவின் காலடியில் தாமரை விரிந்திருந்தது. எந்த வருஷம் கட்டினார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சனிக்கிழமைதோறும் மதர் கோரைப்பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, முட்டிபோட்டு அந்தக் கல் தரையைத் தன் கையாலேயே துடைப்பார். ஆயாக்களைக் கிட்டே விடமாட்டார்.

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, முகப்பில் விரிசல் கண்டது. பழுது பார்க்க உதவி கேட்டு மதர் பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு எழுதினார். இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் பெரிதாகக் கட்டிக்கொள்ளலாமே என்று அங்கே ஒரு பேச்சு இருந்தது. கட்டடத்தின் பிளானை முதலில் அனுப்பச் சொன்னார்கள். பிளானுக்கு எங்கே போவது? மதர் நேராக என்னிடம் வந்து நின்றார்.

தையல் டீச்சரின் டேப்பை வாங்கிக்கொண்டு போய் அளந்தேன். இடது சுவர் முப்பத்து மூன்றடி வந்தது. வலது சுவர் ஒன்றேகால் அடி குறைந்தது. துணி டேப், இழுத்த இழுப்புக்கு நீளும் என்று டேப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். மறுபடி அளந்திருக்கலாம். ஆனால் கோணலாக ஒரு கோடு வரைந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, அப்படி ஒரு திமிர். நாலு மூலையையும் மட்டமாக்கி, அடியில் பெரிதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மதர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பூரித்துப்போய், அன்றைக்கே தபாலில் சேர்த்தார்.

இரண்டு வாரம் கழித்து ஆயர் இல்லத்து இன்ஜினியர் என் வரைபடத்தோடும் இரும்பு டேப்போடும் வந்தார். அளந்தார், விரிசலைத் தடவினார், முகம் கறுத்தது. என் வரைபடத்தை அவர் அந்தக் காலத்துப் பிளானின் நகல் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"கட்டினப்போ நேரா இருந்திருக்கு மதர், இப்போ ஒண்ணேகால் அடி கோணல். முகப்பு நகர்ந்திருக்கு. பிள்ளைங்க நடமாடற இடம், இடிச்சுடறதுதான் நல்லது" என்றார்.

தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் கோயில் பிழைக்கும். ஆனால் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதமும் இதே ஆயர் இல்லத்தில்தான் கிடந்தது. வாயைத் திறக்கவே இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். மதர் என் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நேராப் போடச் சொன்னது நான்தான் சார்" என்றார். "பொண்ணு பாக்கறவங்களுக்கு நல்லதா ஒரு போட்டோ அனுப்பறதில்லையா, அந்த மாதிரி."

பீடத்துக்கு எதிரில் நின்றுகொண்டு சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து வாசலோரத்துப் பாயைச் சுருட்டினார். கடைசி வரிசைக் கற்கள் இடது பக்கம் ஒரு முழ அகலத்தில் தொடங்கி, வலது பக்கம் நாலு விரல் அகலத்தில் முடிந்தன. பாய்க்கு அடியில் கிடந்த அவற்றை நான் பார்த்ததே இல்லை.

"இருபது வருஷமா இந்தத் தரையத் துடைக்கிறேன். சுவர் நகர்ந்திருந்தா இந்தக் கல்லுக்கும் சுவருக்கும் நடுவுல கையே போவும். ஒரு ஊசி போவுதா பாருங்க."

இன்ஜினியர் உட்கார்ந்து, பழைய சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார். கோணலுக்கு ஏற்றபடி முதலிலேயே செதுக்கி வைத்த கற்கள்தான் என்று ஒப்புக்கொண்டார். ஏன் இப்படிக் கட்டித் தொலைத்தார்கள் என்று அவர் கேட்டபோது மதர் கதவை விரியத் திறந்தார். வாசலின் நடுவில், சட்டம் போட்ட மாதிரி, மலை உச்சி. மலையை ஒதுக்கிவிட்டு வாசல் வைக்க நம்மூர்க் கொத்தனாருக்கு மனசு வந்திருக்காது என்பது மதரின் கணக்கு. நிஜம் யாருக்குத் தெரியும்!

இன்ஜினியர் போனபின் நான் தேம்பித் தேம்பி அழுதேன். மதருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பொய் சொன்னது நான். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல நான் சொல்லிக்கிறேன். நீங்க போய் ஒழுங்கா அளந்து வரைங்க டீச்சர்" என்றார். அளந்தேன், இந்த முறை இரும்பு டேப்பில்.

விரிசலை அடைத்துக் கூரையை மாற்றினார்கள். அடுத்த வருஷம் என் வேலையும் நிரந்தரமானது. மதரின் போட்டோ கதை மடம் மடமாகப் பரவி, எந்த விழாவிலும் அவரைக் கிண்டல் செய்ய அதுவே போதும் என்றானது. அவரும் சேர்ந்து சிரிப்பார், அப்போது என் பக்கம் திரும்பவே மாட்டார். எண்பதுகளில் மாற்றலாகிப் போகும்போதுதான் பழைய வரைபடத்தை என் கையில் கொடுத்தார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை. இறந்த செய்தி கடிதத்தில் வந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். சுற்றிலும் எத்தனையோ கட்டடம் வந்துவிட்டது, நல்லவேளை, வாசலில் மலை அப்படியே நிற்கிறது. ஓர் இளம் சிஸ்டர் பாயைச் சுருட்டி அந்தக் கற்களைக் காட்டி, முன்பு ஒரு மதர் பிளானையே நேராக்கச் சொன்னாராம் என்று சிரித்தபடி சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை.

"மதர் சொல்லலைம்மா. நான்தான் நேராப் போட்டேன்" என்றேன்.

மதர் மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். சுவரில் தொங்கும் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அடியில் இருப்பது என் கையெழுத்து மட்டும்தான்.