சிவப்புத் துணி கட்டிய நர்ஸம்மா

யுத்தகாலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் பஞ்சுப்பொதி சரிந்து என் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கால்வலியைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து சேர்ந்தது. நர்ஸம்மா மருந்து ஊற்றும் நேரம் பார்த்துத்தான் வார்டில் அத்தனை பேரும் வாய் திறப்பார்கள். எனக்குக் குடிக்கிற மருந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு மேலே தடவுகிற தைலம். இரண்டும் ஒரே மாதிரிக் குப்பி. ஒருநாள் யாரோ "கக்கூஸ் எங்கன இருக்கு?" என்று கேட்க, தைலம் என் வாய்வரை வந்துவிட்டது. நாற்றம்தான் காப்பாற்றியது.

நான் போட்ட சத்தம் பெரிய டாக்டர் காதுக்கு எட்டி, உத்தரவு பிறந்தது. மருந்து கொடுக்கும் நர்ஸ் இடுப்பில் சிவப்புத் துணி கட்டவேண்டும். அவரிடம் யாரும் பேசக்கூடாது, அவரும் பேசக்கூடாது. இதை ஆங்கிலத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். நான் துறைமுகக் குமாஸ்தா, படித்துக்கொண்டேன். மற்றவர்கள் அதன்மேல் துண்டு காயப்போட்டார்கள்.

சிவப்பைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் ஒரு பெண் வந்தால் எங்கள் பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? குலசேகரன்பட்டினம் அம்மனுக்குத் தசரா விரதம் என்றுதான். நர்ஸம்மா பெரியதாழைக்காரர், கழுத்தில் சிலுவை வேறு. நான் சிலுவையைக் காட்டியதற்கு, "அம்மனுக்கு அந்தப் பேதமெல்லாம் உண்டுமா?" என்றார் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. மருந்துத் தட்டில் காணிக்கை போட்டுக் கும்பிட்டார். இன்னொருத்தி, மகளுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று குறி கேட்டாள். மறுத்துச் சொல்ல நர்ஸம்மாவுக்கு உத்தரவு இல்லை. எனக்கோ தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏளா, சும்மா கெட. பேசுனா பிள்ள வெரதம் கெட்டுப்போவும்" என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியே கடைசியில் எல்லோரையும் அடக்கினார். வார்டு கப்சிப்.

மறுநாள் நர்ஸம்மா என் கட்டிலருகே தட்டிலிருந்து குப்பியை எடுக்கும்போது, உத்தரவு நடக்கிறதா என்று பார்க்கப் பெரிய டாக்டர் வந்தார். நேராக நர்ஸம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "சிஸ்டர், இப்போது யாராவது தொந்தரவு செய்கிறார்களா?" என்றார். நர்ஸம்மா பதறித் திரும்பினார்; கை ஏதோ ஒரு குப்பியை எடுத்திருந்தது.

"அய்யா, பேசாதிய. பிள்ள வெரதத்துல இருக்கு. பதில் சொல்லிட்டுதுன்னா பாவம் ஒங்களத்தான் சேரும்" என்றார் அந்த அம்மாள்.

டாக்டர் வாயை மூடிக்கொண்டார். அந்த அமைதியில் நர்ஸம்மா தம் கையிலிருந்த குப்பியை இன்னொரு முறை பார்த்தார். மெதுவாக அதைக் கீழே வைத்துவிட்டு, மற்றக் குப்பியை எடுத்தார்.

மருந்து வேப்பெண்ணெயாகக் கசந்தது. அவ்வளவு நிம்மதியாக வாழ்க்கையில் நான் எதையும் குடித்ததில்லை.