தெரேஸ் கஸ்தோன், 1931 –

பற்றிக் லெஃபெவ்ரின் கல்லறைக் கல் பட்டறையில் உருத்திரமூர்த்தி வேலைக்குச் சேர்ந்த அன்றே அவருடைய தகப்பனாரின் மானம் போகத் தொடங்கியது. மூர்த்தியின் அடையாள அட்டையில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சிவநேசம் என்று இருந்தது. அது அப்பாவின் பெயர். முதலாளி பற்றிக் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "சிவநேசம், அந்த வாளியைக் கொண்டு வா! சிவநேசம், தும்புத்தடி எங்கே?" என்று நாள் முழுக்க அதே பெயர்தான். அந்தச் சிவநேசம் பருத்தித்துறையில் தபாலதிபராக இருந்து, கூட்டுகிற தும்புத்தடி ஒன்றைக் கையால் தொடாமலே கண்ணை மூடிய மனிதர். செத்துப் பதினைந்து வருடம் கழித்து மொன்றியலில் வாளி தூக்குவார் என்று அவருடைய சாதகம் பார்த்தவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

மூர்த்தி அதைத் திருத்தப் போகவில்லை. திருத்துவதற்கு வேண்டிய பிரெஞ்சு அவரிடம் இல்லை என்பது ஒன்று. வேலை வேண்டும் என்பது மற்றது. பதினொரு வருடம் நகரத்து ஹோட்டல் ஒன்றின் நிலவறையில் கோப்பை கழுவியவர் அவர். மகள் வினோஜா பள்ளியால் வரும்போது அவர் புறப்பட்டிருப்பார். அவர் வரும்போது அவள் படுத்திருப்பாள். வாசலில் கிடக்கிற சப்பாத்தைப் பார்த்துத்தான் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று பிள்ளை தெரிந்துகொண்டது. 2005 ஆடி மாதக் கடைசியில் இந்தப் பட்டறை வேலை கிடைத்தது. காலையில் போய், மாலை ஐந்தரைக்கு லாசால் பகுதியிலுள்ள வீட்டில் மகளோடு இருந்து சாப்பிடலாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒக்ரோபர் முடிவில் நிரந்தரமாக்குவதாகப் பற்றிக் சொல்லியிருந்தார். அந்த மூன்று மாதத்தை மூர்த்தி விரதம் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிலை மேல் எழுத்து என்று சின்ன வயதில் பாடமாக்கியவர்தான். ஆனால் கல்லில் எழுத்து எப்படி ஏறுகிறது என்று அவருக்கு ஐம்பது வயதாகப் போகும்போதுதான் தெரிந்தது. கம்பியூட்டரில் பெயரை அடித்தால் இயந்திரம் ஒரு தடித்த ரப்பர் தாளில் எழுத்துகளைக் கீறிக் கொடுக்கும். அதைக் கருங்கல்லில் ஒட்டி, எழுத்துள்ள இடத்தை மட்டும் கத்தியால் நெம்பி எடுத்துவிட்டு, குழாயால் மணலை வேகமாக அடிக்கவேண்டும். ரப்பர் இருக்கிற இடம் தப்பிவிடும், இல்லாத இடம் குழிந்துபோகும். ஒருமுறை குழிந்தால் குழிந்ததுதான். கல்லுக்கு அழிறப்பர் கிடையாது.

ஆறு மாத வகுப்பில் ஏறாத பிரெஞ்சு அவருக்குச் செத்தவர்களின் பெயர்களால் ஏறியது. பற்றிக்கும் பெயர்ப் பைத்தியம் பிடித்த மனிதர். கோப்பி குடிக்கும்போது ஒவ்வொரு கல்லாகக் காட்டிக் கதை சொல்வார். லெஃபெவ்ர் என்றால் கொல்லன். தன் முன்னோன் எவனோ இரும்படித்தவன் என்பார். பூலான்ஜே பேக்கரியில் பாண் சுட்டவன். துபோன் பாலத்தடியில் இருந்தவன், துபுவா காட்டோரத்தில் இருந்தவன். இதைக் கேட்டதும் மூர்த்திக்கு வாயெல்லாம் பல். ஊரில் ஆலடி நடராசா, பாலத்தடிப் பொன்னையா என்று சொல்லித்தானே ஆட்களைப் பிரித்தறிந்தார்கள்! திரம்ப்ளே என்ற பெயர் இந்த மாகாணத்தில் தடுக்கி விழுந்தால் இருக்கிறது. அது காற்றில்லாமலே இலை நடுங்குகிற ஒரு மரத்தின் தோப்பிலிருந்து வந்ததாம். மார்த்தன், ரொபேர், வின்சன் எல்லாம் யாரோ ஒரு தகப்பனின் சொந்தப் பெயர்கள்.

"தகப்பன் பெயரை மகன் வைத்தான். பிறகு அது அப்படியே உறைந்துவிட்டது. முந்நூறு நானூறு வருடமாக யாரும் மாற்றவில்லை" என்றார் பற்றிக்.

எங்களுக்கு இன்னும் உறையவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று மூர்த்தி நினைத்தார். நினைத்ததைச் சொல்லப் பிரெஞ்சு போதவில்லை. ஆனாலும் அந்த இருபது நிமிடக் கோப்பி நேரம் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பதினொரு வருடமாக அவரிடம் யாரும் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. கோப்பைக்கு என்ன விளக்கம்?

ஒக்ரோபர் நடுவில் வேலை நெருக்கியது. நிலம் உறைந்தால் கல் நடமுடியாது, பிறகு வைகாசிதான். பற்றிக் லொறியோடு மயானம் மயானமாக ஓடினார். பட்டறையையும் ரெலிபோனையும் மூர்த்தியிடம் விட்டிருந்தார். "ரெலிபோன் சமாளிப்பாயா?" என்று கேட்டதற்கு, "பிரச்சினையே இல்லை" என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். வாய்க் கொழுப்பு என்றுதான் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மூதாட்டி ரெலிபோனில் கூப்பிட்டார். புருசன் இறந்து மூன்று கிழமை. கல் முன்னமே வாங்கியாயிற்று, எழுத்துத்தான் வேண்டும். கஸ்தோன் லாஜுனெஸ், 1928 – 2005. அதற்குக் கீழே தன் பெயரையும் போட்டுவிடும்படி சொன்னார். இங்கே அது வழக்கம். உயிரோடு இருப்பவரின் பெயரையும் பிறந்த வருடத்தையும் வெட்டி, ஒரு கோடு போட்டு, மற்ற வருடத்துக்கு இடம் விடுவார்கள். "என் பெயர் தெரேஸ், 1931" என்றார். சொல்லும்போதே அழத் தொடங்கினார். மூர்த்தி "கவலைப்படாதீர்கள், மதாம்" என்று இரண்டு தரம் சொன்னார். இருவரும் ரெலிபோனை வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் படிவத்தைப் பார்த்தார்: மனைவியின் குடும்பப் பெயர் என்ற பெட்டி வெறுமையாக இருந்தது.

திருப்பி எடுத்துக் கேட்டிருக்கலாம். இலக்கம் படிவத்திலேயே இருந்தது. ஆனால் அழுதுகொண்டு வைத்த மனிசியிடம், உங்களுடைய பெயரைக் கேட்க மறந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அதோடு, சமாளிப்பேன் என்று பற்றிக்கிடம் அடித்த வீரம் வேறு. மூர்த்தி தலையைச் சொறிந்தார். லாஜுனெஸ் என்று போடலாமா? பட்டறை முற்றத்துக் கற்களில் பெண்சாதியின் பெயர் புருசனின் குடும்பப் பெயராக இல்லையே, வேறாகத்தானே இருக்கிறது. மேலும் லாஜுனெஸ் கஸ்தோனின் தகப்பன் வழி வந்த பெயர். மாமனாரின் பெயரைக் கொண்டுபோய் மருமகளின் தலையில் கட்டுவது என்ன முறை? தன் மனைவி யோகாம்பிகையின் கடவுச்சீட்டை நினைத்துக்கொண்டார். யோகாம்பிகை உருத்திரமூர்த்தி. பொம்பிளையின் பெயருக்குப் பக்கத்தில் புருசனின் பெயர். அதைவிட ஒழுங்கான பெயர் உலகத்தில் உண்டா? பேனையை எடுத்து அந்தப் பெட்டிக்குள் கஸ்தோன் என்று அழகாக எழுதினார்.

திங்கட்கிழமை அந்தக் கல்லைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனியாகச் செய்தார். அவருடைய முதற்கல். எழுத்தின் ஓரம் ஒவ்வொன்றும் கத்தி வெட்டியதுபோல வந்தது. வேலை முடிந்து கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய் காலை பற்றிக்கும் நின்று பார்த்தார். "வெட்டு நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு, "கஸ்தோன் லாஜுனெஸ் கட்டினது ஒரு மதாம் கஸ்தோனையா? தகப்பன் வீட்டுப் பெயரும் கஸ்தோனா? அபூர்வம்தான்."

"இல்லை. கஸ்தோன் அவருடைய புருசன்."

பற்றிக் கவிழ்த்துக் கிடந்த வாளியில் மெல்ல உட்கார்ந்தார். இந்த மாகாணத்தில் பெண்பிள்ளை பிறந்தபோது வந்த குடும்பப் பெயரோடுதான் சட்டப்படி இருக்கிறாள், பழைய ஆட்கள் புருசனின் குடும்பப் பெயரைச் சொல்லிக்கொள்வார்கள், ஆனால் புருசனின் சொந்தப் பெயரைப் பக்கத்தில் வைப்பவர் எவரும் இல்லை என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் மூர்த்திக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனிதர் சத்தமே போடவில்லை.

"வியாழன் அவர் கல்லைப் பார்க்க வருகிறார். நீயே சொல்லு" என்றுவிட்டு எழுந்து போனார். அன்று கோப்பிக்கு அவர் கூப்பிடவில்லை.

மூர்த்தி நாட்களை எண்ணிப் பார்த்தார். ஒக்ரோபர் முடிய இன்னும் பத்து நாள்கூட இல்லை. ஹோட்டலின் நிலவறையும் வாசலில் கிடந்த அந்தச் சப்பாத்தும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அதைவிட, அந்த மனிசியின் துக்கத்தில் தான் கை வைத்துவிட்டேனே என்பது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தவர் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். யோகாம்பிகை எல்லாவற்றையும் கேட்டாள்.

"இப்ப என்ன செய்யப் போறியள்?"

"முதலாளி எழுதினதெண்டு சொல்லலாமோ எண்டு ஒரு யோசினை."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிற கதை கதையாதேங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ. பிழை விட்டிட்டன், எங்கட ஊரிலை இப்பிடித்தான் எண்டு சொல்லுங்கோ. நான் இருபது வருசமா உங்கட பேரைத்தானே வைச்சுக்கொண்டிருக்கிறன். நான் என்ன குறைஞ்சு போனனே?"

"வேலை போனால்?"

"போகட்டும். பேந்து பாப்பம். சாப்பிடுங்கோ."

வினோஜா அப்பாவின் தட்டில் இன்னொரு அகப்பை கறி விட்டாள். பிறகு பள்ளிக் கொப்பியை எடுத்து வந்து, மன்னிப்புக் கேட்கிற வசனங்களைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மெற்றோவிலும் பஸ்ஸிலும் இரண்டு நாள் பாடமாக்கினார்.

வியாழக்கிழமை தெரேஸ் டாக்சியில் வந்து இறங்கினார். நீலத் தொப்பி, ஒரு கைத்தடி, குருவி அளவு உடம்பு. பற்றிக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். மூர்த்தி கல்லின் மேலிருந்த சாக்கை எடுத்தார். பாடமாக்கியது முழுவதும் அந்த நிமிடமே மறந்துபோயிற்று.

"மதாம், பிழை. என் பிழை. பற்றிக்கின் பிழை இல்லை" என்று தொடங்கினார். "நான் உங்கள் பெயரைக் கேட்கவில்லை. எங்கள் நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளைக்குத் தகப்பனின் பெயர். பெண் கட்டினால் அவளுக்குப் புருசனின் பெயர். புருசனின் தகப்பன் பெயர் இல்லை, புருசனின் பெயரேதான். அதனால் இப்படி வெட்டிவிட்டேன். மன்னியுங்கள்."

தெரேஸ் கைத்தடியைக் கல்லில் சாத்தினார். கையுறையைக் கழற்றிவிட்டு, தன் பெயரின் மேல் விரலை வைத்துத் தடவினார். தெரேஸ். பிறகு கஸ்தோன். ஒவ்வோர் எழுத்தின் குழியிலும் விரல் இறங்கி ஏறியது. பற்றிக் தொண்டையைச் செருமி, "கல்லை மாற்றித் தருகிறேன், மதாம். ஆனால் வைகாசி ஆகிவிடும்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் அவர். மூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார். "என் தகப்பன் வீட்டுப் பெயர் புவாவேர். பச்சைமரம் என்று அர்த்தம். தகப்பன் நல்லவரில்லை, பதினாறு வயதில் என்னை வேலைக்கு அனுப்பினார். கலியாணம் கட்டியபோது பாதிரியார் என்னை லாஜுனெஸ் ஆக்கினார். அது இளமை என்று அர்த்தம். பட்டாளத்தில் மீசை முளைக்காமல் சேர்ந்த ஒருவனுக்குக் கப்டன் வைத்த பட்டப்பெயராம், மாமனார் சொல்வார். பிறகு சட்டம் மாறியது, காரியாலயங்களில் என்னை மறுபடி புவாவேர் என்றார்கள். ஒன்று தகப்பனுடையது, மற்றது எவனோ ஒரு பட்டாளத்தானுடையது. நான் ஐம்பத்திரண்டு வருடம் வாழ்ந்தது கஸ்தோனோடு. அவருடைய பெயரை என் பக்கத்தில் யாருமே வைக்கவில்லையே, மெசியூ. எனக்கும் அது தோன்றவில்லை."

"அப்படியானால்..." என்று பற்றிக் இழுத்தார்.

"அப்படியே இருக்கட்டும்."

"மயானத்தில் கேள்வி கேட்பார்கள், மதாம். உங்கள் மகன்..."

"அதற்குக் கீழே படுக்கப் போவது நான். மகன் இல்லை."

மூர்த்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் வெட்கமாக இருந்தது. நன்றி என்று பிரெஞ்சில் ஒரு தரம் சொன்னார், போதாது என்று தமிழிலும் சொன்னார். தெரேஸ் அவருடைய மணற்பொடி படிந்த கையைப் பிடித்து, "நன்றி நான் சொல்லவேண்டியது. உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"சிவநேசம்" என்றார் பற்றிக் முந்திக்கொண்டு.

"அது என் அப்பாவின் பெயர்" என்றார் மூர்த்தி. "நான் உருத்திரமூர்த்தி."

மூன்று மாதமாக ஒரு செத்த தபாலதிபரைத் தும்புத்தடி எடுக்க ஏவிக்கொண்டிருந்தது அப்போதுதான் முதலாளிக்கு விளங்கியது. அன்று பின்னேரமே இரண்டு கோப்பியோடு வந்து உட்கார்ந்தார். "உ-ரூ-தி-ரா..." என்று நாலு தரம் நாக்கைப் பிரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரம். ஆனால் இனிப் பெட்டி வெறுமையாக இருந்தால் ரெலிபோனை எடுத்துக் கேள்" என்றார். சிவநேசம் ஐயாவுக்கு அன்றோடு ஓய்வு கிடைத்தது. மூர்த்தி வீட்டுக்குப் போகும் வழியில் யோகாம்பிகைக்கு ஒரு பெட்டி இனிப்பும் மகளுக்குப் புதுக் கொப்பியும் வாங்கினார். கார்த்திகை பிறக்க முதல் அவரே போய் அந்தக் கல்லை நட்டார்.

2009 வைகாசியில் ஒரு நாள், தெரேஸின் மகன் பட்டறைக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், கறுப்புக் கோட்டு. அம்மா பங்குனியில் போய்விட்டார் என்றார். மூர்த்தி வேலை செய்த கையோடு எழுந்து நின்றார். இத்தனை வருடம் எங்களுடைய சாப்பாட்டு மேசையில் நாலு பேராக இருந்து சாப்பிட வழிவிட்ட மனிசி என்றுதான் அவருக்கு நினைப்பு ஓடியது. நாலாவது ஆள் 2006-இல் பிறந்த சின்ன மகள். நிலவறையிலேயே இருந்திருந்தால் அந்தப் பிள்ளையின் முகம் தனக்குச் சரியாகத் தெரிந்திருக்குமா என்று அவர் யோசிக்காத நாளில்லை.

"அந்தப் பெயரைப் பற்றி அம்மாவோடு நான் சண்டை பிடித்தேன்" என்றார் மகன். "எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது என்றேன். அம்மா கேட்கவில்லை. அவருடைய நகைப் பெட்டிக்குள் இது இருந்தது." மடித்த ஒரு கடதாசியை நீட்டினார். நடுங்கும் கையெழுத்து. மூர்த்திக்கு இப்போது பிரெஞ்சு வாசிக்க யாருடைய உதவியும் வேண்டாம்.

'மெசியூ உருத்திரமூர்த்திக்கு. 1931-க்குப் பிறகுள்ள கோட்டுக்குப் பக்கத்தில் வருடத்தை நீங்கள் வெட்டுங்கள். பெயரை யாரும் தொடவேண்டாம்.'

அடுத்த நாள் அவர் சின்ன இயந்திரத்தையும் மணற்பையையும் ஏற்றிக்கொண்டு மயானத்துக்குப் போனார். கல்லைக் கழுவித் துடைத்தார். ரப்பரை ஒட்டி, நாலு இலக்கத்தையும் நெம்பி எடுத்து, காற்றுக்கு மறைப்புக் கட்டி, மணலை அடித்தார். வேலை முடிந்ததும் மகன் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். நாலு வருடமாக வாயில் வராமல் இருந்த பெயரை மெல்ல வாசித்தார்: "தெரேஸ் கஸ்தோன்."

"ஓம்" என்று தலையை ஆட்டினார் மூர்த்தி, தமிழிலேயே.