நூற்றைம்பதுக்கு மேல்

சுகாதாரத் துறையின் எடைக் கணக்கெடுப்பில் அவளுக்கு அது மூன்றாவது மாதம். தோளில் எடை மெஷின், பையில் அளவு நாடா, நாளுக்குப் பதினைந்து வீடு. தெருப் பிள்ளைகள் 'கிலோ அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பயிற்சி வகுப்பில் உலக வரைபடத்தைத் தொங்கவிட்டு, நாட்டுக்கு நாடு ஜனங்கள் பெருத்துக்கொண்டே போவதைக் காட்டியபோது அவளுக்குப் பகீரென்றது. இப்போது எண்பதும் ஒன்றுதான், நூற்றிருபதும் ஒன்றுதான். ஏறச் சொல்வாள், எழுதுவாள், இறங்கச் சொல்வாள்.

அந்த வியாழக்கிழமைப் பட்டியலில் அவளுடைய சொந்த அக்காவின் வீடும் இருந்தது. நான்காவது மாடி, லிப்ட் ரிப்பேர். அக்கா வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வரும் போன்களுக்குப் பதில் சொல்பவள். உட்கார்ந்தால் பத்து மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள். சகோதரிகள் தினமும் போனில் பேசினாலும், நேரில் பார்த்து ஒன்றரை வருடமாகிவிட்டது. வருகிறேன் என்றால் அக்கா ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பாள்.

கதவைத் திறந்த அக்காவிடமும் அவள் எல்லா வீட்டிலும் போலவே வயது, வேலை, தூக்கம் என்று வரிசையாகக் கேட்டாள். அக்காவும் மூன்றாம் மனுஷியிடம் சொல்வதுபோல் பதில் சொல்லிவிட்டு மெஷினில் ஏறி நின்றாள். எண்ணுக்குப் பதில் இரண்டு கோடு வந்தது. நூற்றைம்பதைத் தாண்டினால் அப்படித்தான்.

"மெஷின்ல ஏதோ கோளாறுக்கா."

"எங்கிட்டயே கதை விடுறியா? போன மாசம் ஆஸ்பத்திரியிலயும் இதேதான் வந்துச்சு. குடோன்ல மூட்டை நிறுக்கிற தராசுல பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"போனியா?"

"போனேன். நூத்தி அறுபத்தி நாலு. எழுதிக்கோ."

ஆஸ்பத்திரிக்குப் போன விஷயமே அவளுக்கு அப்போதுதான் தெரியும். எழுதிக்கொண்டாள். இடுப்பைச் சுற்றி நாடாவைக் கொண்டுவர அக்காவைக் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. கன்னம் தோளில் பட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. நாடாவும் எட்டவில்லை. முடிந்த இடத்தில் விரலை வைத்து, மிச்சத்தைத் தனியாக அளந்து கூட்டிக்கொண்டாள். சாப்பிட்டுப் போகச் சொன்னாள் அக்கா. இன்னும் ஆறு வீடு பாக்கி என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் படிவத்தில் அந்த எடையை அடித்துவிட்டார். துறையின் மெஷினில் நிறுக்காதது செல்லாது, எடை எடுக்கவில்லை என்பதற்கு உள்ள 999-ஐப் போடு என்றார். போட்டாள். பிறகு அக்காவுக்குப் போன் செய்து, டாக்டரை அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள்.

திங்களன்று ஆஸ்பத்திரியில் கைப்பிடி இல்லாத பெஞ்சாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். நாலு மாடி இறங்கியதில் கால் வீங்கிவிட்டது என்றாள் அக்கா. அவள் குனிந்து செருப்பு வாரைத் தளர்த்திவிட்டாள். மனசு அப்போதும் மரத்துப்போய்த்தான் இருந்தது.