கையில் நாலு ஸ்கூட் இருந்தது

மாசிலாமணி இன்ஜினியர் தோற்ற அந்த ரம்மி ஃபைனலை இன்று நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. தஞ்சாவூரில் ஒரு கிளப்பில் சீட்டு ரூம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கட்டு எடுத்துக் கொடுப்பது, பாயிண்ட் எழுதுவது, சண்டை வந்தால் விலக்கிவிடுவது, இவ்வளவுதான் என் உத்தியோகம். டோர்னமெண்ட் ஆடுகிற பிள்ளைகள் இப்போதும் என்னிடம் வந்து, "ஃபைனல் வரைக்கும் நல்லாத்தான் ஆடறோம் சார், அங்க போய்க் கோட்டை விட்டுடறோம்" என்று புலம்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எதற்காக ஆடினார்கள்

ஆட்சி மாறி, நில உச்சவரம்புச் சட்டம் வந்து, கூலிக்காகக் கொடி பிடித்து ஆட்கள் வயலில் இறங்க மறுத்துக்கொண்டிருந்த காலம். கிளப்பில் மட்டும் காற்று மாறவே இல்லை. மெம்பர்களில் முக்கால்வாசி மிராசுதார்கள், மிச்சம் வக்கீல்கள். மாசிலாமணியைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் அது பெருந்தன்மை இல்லை. அவர் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவு இன்ஜினியர், மதகுச் சாவி அவர் கையில். தண்ணீர் வேண்டுமே.

பொங்கல் கழிந்து நடக்கும் ரம்மி டோர்னமெண்டில் ஜெயித்தவருக்கு ஒரு பழைய உரிமை உண்டு. அவர் யாரைக் கை காட்டுகிறாரோ அந்த ஒருவரை மெம்பராகச் சேர்த்தே ஆக வேண்டும். கமிட்டி மறுக்க முடியாது.

மாசிலாமணி கை காட்ட நினைத்த ஆள் வேலாயுதம். இரண்டு பேரும் ஒரே தெரு, கூலிக்காரர்கள் தெரு. வேலாயுதம் ஸ்கூலில் டிரில் மாஸ்டர். பூப்பந்து ஆடினால் நின்று பார்க்கலாம், அப்படி ஒரு கை. ஆனால் ஜில்லா டீமுக்கு ஆள் எடுப்பது எங்கள் கிளப் கோர்ட்டில், மெம்பர்களுக்குள் மட்டும். இரண்டு முறை விண்ணப்பம் போட்டு, இரண்டு முறையும் 'இடம் இல்லை' என்று திருப்பிவிட்டார்கள். "இந்த வருஷம் விட்டா முட்டி தாங்காதுண்ணே" என்று அவர் மாசிலாமணியிடம் சொன்னதை நானே கேட்டேன்.

ஃபைனலில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஒரு வக்கீல் சீக்கிரமே தோற்று எழுந்து போனார். எஞ்சியது மாசிலாமணியும் சிவக்கொழுந்து மிராசுதாரும். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை அந்தப் பெரியவருடைய நிலம். மாசிலாமணியின் அப்பா அந்த நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். பெரியவரை 'ஐயா' என்னாமல் 'சார்' என்று கூப்பிட்ட ஒரே ஆள் எங்கள் கிளப்பில் மாசிலாமணிதான்.

2. அந்த ஒரு ரவுண்டு

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோற்ற ரவுண்டில் கையிலிருக்கும் சீட்டுக்குப் பாயிண்ட் ஏறும். மொத்தம் நூற்றொன்றைத் தொட்டால் ஆள் அவுட். கை மோசமாக வந்தால் ஆடாமலே கவிழ்த்துவிடலாம், இருபது பாயிண்டோடு போய்விடும். அதுதான் ஸ்கூட். வீம்புக்கு ஆடித் தோற்றால் எண்பது வரை ஏறும். சீட்டைக் கவிழ்த்து இரண்டு கையாலும் எதிராளி பக்கம் தள்ளி, "கவுத்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கிளப் வழக்கம். யாரும் சீட்டை ஒளிக்கக் கூடாதென்று எவனோ ஏற்படுத்தியது.

மாசிலாமணி இருபதில் இருந்தார். அதாவது இன்னும் நாலு ஸ்கூட் அடிக்கலாம். பெரியவர் எழுபத்தொன்பது, அவருக்கு ஒரே ஒரு ஸ்கூட்தான் பாக்கி. ஜெயித்த ஆட்டம் என்றே நினைத்தேன்.

அப்போது மாசிலாமணிக்கு வந்ததே ஒரு கை! ரம்மி சேருகிற மாதிரி இரண்டு சீட்டு பக்கத்தில் இல்லை. ஜோக்கர் இல்லை. எல்லாம் ராஜாவும் ராணியும். பச்சைப்பிள்ளைகூடக் கவிழ்த்திருக்கும். அவரும் சீட்டைச் சேர்த்து மேஜையில் வைக்கப் போனார்.

பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கவுத்துடு தம்பி, தப்பில்ல. உங்கப்பனும் அப்படித்தான். களத்துல நின்னு நான் ஒரு பார்வை பாத்தா போதும், துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு ஒதுங்கிடுவான். நல்ல மனுஷன்."

மாசிலாமணியின் காது சிவந்தது. மேஜைக்குப் போன சீட்டு திரும்பக் கைக்கு வந்தது.

"ஆடறேன் சார்" என்றார்.

வேண்டாம் என்று கத்த எனக்கு வாய் வந்தது. சூப்பர்வைசர் வாயைத் திறக்கக் கூடாது. நாலைந்து சுற்றுக்குள் பெரியவர் சீட்டுச் சேர்ந்து டிக் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டார். மாசிலாமணிக்கு ஃபுல் கவுண்ட், எண்பது. இருபது நூறாயிற்று. இனி அவர் கம்பல்சரி. எந்தக் கை வந்தாலும் ஆடியே தீர வேண்டும், ஒரு பாயிண்டில் தோற்றாலும் போச்சு.

3. பெரியவர் கவிழ்த்தார்

அடுத்த ரவுண்டில் பெரியவருக்கு மோசமான கை. அவர் இரண்டு கையாலும் சீட்டைத் தள்ளி, மாசிலாமணி முகத்தைப் பார்த்தே, "கவுத்துட்டேங்க" என்றார். பண்ணையாள் மகனுக்கு முன்னால், 'ங்க' போட்டு! நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டேன். அவர் இப்போது தொண்ணூற்றொன்பது.

"என்னங்க இது, நீங்க போயி..." என்று பக்கத்திலிருந்தவர் இழுத்தார்.

பெரியவர் சிரித்தார். "நெலம் பூரா மச்சான் பேரு, பேத்தி பேரு, டிரைவர் பேருன்னு எழுதி வெச்சிருக்கேன். உச்சவரம்பு ஆபீசுல போயி, 'எனக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா'ன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டு வரேன். பதிமூணு சீட்டக் கவுக்கவா வெட்கப்படப் போறேன்?"

வீம்பு பிடித்த மனுஷர் என்று அவரை இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அன்று மூன்று முறை ஏற்கனவே ஸ்கூட் அடித்திருந்தார், நான்தான் எழுதினேன், ஆனாலும் என் மண்டையில் ஏறவில்லை. அந்த மனுஷரிடம் வீம்பு என்பதே கிடையாது. வீம்பு எங்கள் பக்கம்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எங்கே தொட்டால் அது எழுந்து நிற்கும் என்பதும் தெரியும்.

கடைசி ரவுண்டு இரண்டு பேருக்குமே கம்பல்சரி. அதைப் பெரியவர் ஜெயித்தார். அதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, சீட்டு வந்தது. தோல்வி முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது.

கை தட்டினார்கள். செக்ரட்டரி, "யாரைச் சேக்கணும், சொல்லுங்க" என்று கேட்டார். உச்சவரம்பு ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரியின் பெயரைச் சொன்னார் பெரியவர். தட்டிய கைகள் அப்படியே நின்றுவிட்டன. சீட்டு ஆட வந்தவர் என்று நினைத்தோமே, இவர் காலையிலிருந்து வேறு ஆட்டம் அல்லவா ஆடிக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிள்ளைகளே, கடைசிக் கட்டத்தில் கையிலிருக்கும் சீட்டை மட்டும் பார்க்காதீர்கள். உங்களுக்கு எத்தனை ஸ்கூட் பாக்கி, எதிராளிக்கு எத்தனை பாக்கி, அதைப் பாருங்கள். மோசமான கையைக் கவிழ்க்கத்தான் அந்தப் பாயிண்டைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள். எதிராளி திடீரென்று உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசினால், அவன் உங்களை ஆட வைக்கப் பார்க்கிறான் என்று புரிந்துகொண்டு அந்த நிமிஷமே கவிழ்த்துவிடுங்கள்.

4. கோர்ட் ஓரம்

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வேலாயுதம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். செய்தி அதற்குள் எட்டியிருந்தது. உள்ளே பூப்பந்து ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாசிலாமணி தலை குனிந்து அவரிடம் போனார். நான் கேட் பக்கத்தில்தான் நின்றேன்.

"அப்பாவப் பத்திப் பேசிட்டான்டா வேலா. அந்த ஆளு முன்னாடி ரெண்டு கையாலயும் தள்ளி, கவுத்துட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

வேலாயுதம் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"எங்கப்பாவும் அந்தக் களத்துலதான் நின்னாருண்ணே" என்றார். "நானா இருந்தா நாலு தடவையும் கவுத்திருப்பேன்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷத்து ஜில்லா டீமில் அவர் இல்லை. அதற்கு அடுத்த வருஷம் அவர் கேட்கவும் இல்லை.