மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இரண்டு பாட்டில்

எனக்கு நாற்பத்தொரு வயது. என் இடது முட்டிக்கு எழுபது. எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டரம்மாதான் அப்படிச் சொன்னார். எனக்கு ஹீமோபீலியா, ரத்தம் லேசில் உறையாது. வெளியே வெட்டுப்பட்டால் துணியை வைத்து அழுத்திக்கொள்ளலாம். எனக்கு மூட்டுக்குள்ளேயே கசியும், அங்கே எந்தத் துணியை வைப்பது? சின்ன வயதில் பள்ளிக்கூட பெஞ்சில் முட்டியை இடித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்தேன். இரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அந்த பெஞ்சு இல்லாவிட்டால் நான் கலெக்டர் என்று மனைவியிடம் சொல்வேன். அவள் பாத்திரம் துலக்கப் போய்விடுவாள்.

பெங்களூர் தொம்மலூரில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். முட்டி கெட்டவன் நாள் முழுக்க நின்று செய்யும் தொழிலைத் தேர்ந்தெடுத்த அறிவை நீங்களே மெச்சிக்கொள்ளுங்கள். போன வருஷம் கசிவு அடிக்கடி வந்து, கால் நீட்டவும் வராமல் மடக்கவும் வராமல் நின்றுவிட்டது. முட்டிக்குள் இருக்கிற சவ்வு வீங்கிவிட்டது, வீங்கின சவ்வு மறுபடி கசிகிறது, மூட்டுக்குள்ளேயே ஊசி போட்டு வீக்கத்தை அடக்கிப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அதற்கும் அடங்காவிட்டால் ஆபரேஷன். ஆபரேஷன் என்றால் மாசக்கணக்கில் வண்டி கிடையாது.

அதில் ஒரு நிபந்தனை இருந்தது. ஊசி குத்திய ஓட்டையே புதுக் கசிவாகிவிடக் கூடாது. அதனால் குத்துவதற்கு முன்னால் ஃபேக்டரை, அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற மருந்தை, முழு அளவு நரம்பில் ஏற்றியிருக்க வேண்டும். என் எடைக்கு நாலு பாட்டில். முந்தின நாளே ஐஸ் டப்பாவில் வைத்துக் கொடுத்தார்கள். காலையில் வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு, காலி பாட்டில்களோடு நேரே வரச் சொன்னார்கள்.

நான் இரண்டுதான் ஏற்றினேன்.

ரத்தம் உறையாத எங்கள் கூட்டத்துக்கு இது புரியும். ஒரு தடவை முட்டி வீங்கி ஆஸ்பத்திரியில் போய் நின்றபோது, "ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வா" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரத்தைச் சுவரைப் பிராண்டித்தான் கழித்தேன். அதிலிருந்து கொடுப்பதில் பாதியைப் பதுக்கும் புத்தி ஒட்டிக்கொண்டது. மனைவி ஆறு மணிக்கே அபார்ட்மெண்டில் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு பாட்டிலை ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளினேன். வீட்டில் கிடந்த பழைய காலி பாட்டில் இரண்டைச் சேர்த்து நாலாக்கிப் பையில் போட்டேன். மனைவிக்கும் போன் போட்டு, நாலும் போட்டுக்கொண்டேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் வராத மூளை இதற்கெல்லாம் வரும்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் காலி பாட்டில்களைப் பார்த்தாள். "நாலும் ஏறிச்சாண்ணா?"

"ஏறிச்சும்மா. இப்போ என்னைக் குத்தினா ரத்தம் வராது, ரப்பர்தான் வரும்."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். என்னைப் படுக்க வைத்து, முட்டிக்கு மருந்து தடவி, சுற்றிலும் பச்சைத் துணி போர்த்தினார்கள். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழ் பேசுவார்.

"இன்னிக்கு எனக்கு தைரியமா இருக்கு," என்றார். "ஃபேக்டர் முழுசா இருக்கு அல்வா, இல்லையா? இல்லேன்னா உங்க முட்டிய நான் தொடவே மாட்டேன்."

ஊசியைப் பார்த்தேன். என் சுண்டுவிரலைவிட நீளமாகத் தெரிந்தது. பல் பிடுங்கினதற்கே ஒரு வாரம் தலையணையை ரத்தத்தில் நனைத்தவன் நான். இரண்டு பாட்டில் தாங்குமா? தாங்காவிட்டால் இந்த அம்மா சரிசெய்ய வந்த முட்டியை நானே முடித்துவைத்த மாதிரி.

"மேடம், நாலு இல்ல. ரெண்டுதான் போட்டேன்."

டாக்டரம்மா சிரித்தார். சிஸ்டரும் சிரித்தாள். "போன தடவ பஞ்ச வெச்சதுக்கே ஐயோ செத்தேன்னு கத்துனாரு மேடம்."

"சத்தியமா மேடம்!"

"சுள்ளு ஹேள்பேடி. பொய் வேண்டாம். கால ஆட்டாதீங்க."

ஊசி முனை தோல் பக்கத்தில் வந்துவிட்டது. இத்தனை வருஷம் எல்லாரையும் சிரிக்க வைத்தவனுக்கு, ஒரு உண்மையைச் சொல்லச் சிரிக்காத முகம் ஒன்று கிடைக்கவில்லை. காலை இழுத்தால் ஊசி எங்கே போகுமோ. இழுக்காமல், கட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"எம் பொண்டாட்டிக்கு போன் போடுங்க! ஃப்ரிட்ஜ்ல மாவுக்குப் பின்னால பாக்கச் சொல்லுங்க!"

டாக்டரம்மாவின் கை நின்றது. சிஸ்டர் என் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மனைவி அப்போதுதான் வேலை முடித்து வீட்டுக்கு வந்திருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம், பாத்திரம் நகரும் சத்தம்.

"ரெண்டு பாட்டில் கீது," என்றாள். "இன்னாயா இது? அதான் நாலும் போட்டுக்கினேன்னு சொன்னியே?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். திட்டுவார் என்று கண்ணை மூடினேன்.

"யாக்ரீ, ஏன் இப்படி?" என்றார் மெதுவாக.

"ஸ்டாக் இல்லன்னு சொன்னா இன்னா பண்றது மேடம்?"

அவர் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். சிஸ்டர் உள்ளே போய்க் கேட்டு வந்தாள். அன்றைக்கும் கூடுதலாக ஒன்றும் இல்லை. "ஒரு மணி வரைக்கும் இருப்பேன்," என்றார் டாக்டரம்மா. "அதுக்குள்ள பாட்டில் வந்தா பாக்கலாம். இல்லேன்னா அடுத்த மாசம்."

வராந்தா பெஞ்சில், முட்டியில் மருந்துக் கறையோடு உட்கார்ந்திருந்தேன். மனைவி ஆட்டோவில் சிக்னல் சிக்னலாக நின்று, பன்னிரண்டரைக்கு ஐஸ் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் டப்பாவைச் சிஸ்டரிடம் கொடுத்தாள். இரண்டையும் ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அதே கட்டில்.

மருந்தைச் செலுத்தும் முன்னால் உள்ளே தேங்கின நீரை இழுத்துப் பார்ப்பார்கள். ஊசி உள்ளே போனது. சிரிஞ்சில் ஏறுவதையே பார்த்தேன். சிவப்பாக வந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். மஞ்சளாக ஏறியது.

"பேஷ்," என்றார் டாக்டரம்மா. மருந்தைச் செலுத்திக் கட்டுப் போட்டார். "இனிமேதான் பாக்கணும். மூணு நாள். சூடு ஏறினா, வீங்கினா, உடனே வாங்க."

மூணு நாளும் மனைவி என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போடும் சத்தத்தில்தான் திட்டினாள். ஆனால் வேளைக்கு வேளை புறங்கையை என் முட்டியில் வைத்துப் பார்ப்பாள், எழுந்து போவாள். அவள் முகத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் அடி நிச்சயம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கையை வைத்தவள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்காமல் வைத்திருந்தாள்.

"சில்லுனு கீது," என்றாள்.