யாரும் திறக்காத குழாய்

கலசப்பாக்கம் தாண்டி, பாலம் வேலை நடந்த இடத்தில் பஸ் நின்றபோதுதான் எனக்கு அது தோன்றியது. கும்பகோணத்தில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு அம்மாவும் நானும் ஆரணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. பயணம் என்றால் முந்தின நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். அன்று அதுவும் போதவில்லை. என் முழங்கையை இறுக்கிப் பிடித்து, "எறங்கணும்டி" என்றாள். இதோ போளூர் வந்துவிடும் என்றார் கண்டக்டர். அம்மா படியை நோக்கி நடந்தாள்.

இறங்கிப் பார்த்தால் கரும்பு வெட்டி முடித்த நிலம். மறைவுக்கு ஒரு செடி இல்லை. துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த பஸ் திடீரென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதி என் முதுகில் பட்டது. எதிரே ஒரு தண்ணீர் லாரி, அடியிலிருந்த குழாய் சொட்டச் சொட்ட, எங்களைப் போலவே காத்துக்கொண்டிருந்தது. தண்ணீரும் குழாயும் சக்கரத்தின் மேல் போகும்போது, சுற்றி நாலு தடுப்பு வைத்தால் என்ன? அவ்வளவுதான் யோசனை. வீடு வந்து சேர்வதற்குள் மனசுக்குள் பாதி வண்டியைக் கட்டிவிட்டேன்.

அம்மா அதன்பிறகு பஸ் ஏறவில்லை. பெரியம்மா படுக்கையில் விழுந்த பிறகும் போகவில்லை. ஃபோனில், "ஒருதரம் மூஞ்சியக் காட்டிட்டுப் போயேன்" என்று பெரியம்மா கேட்கும்போதெல்லாம் அம்மா வேலை இருக்கிறது என்பாள். என்ன வேலை என்று பெரியம்மாவும் கேட்கமாட்டாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாடியில் நான் லேப்டாப்பில் பெங்களூர்க் கம்பெனிக்கு உழைப்பேன். கீழே அம்மா, பட்டு நூல் முறுக்கும் பட்டறையிலிருந்து வரும் சிக்கு விழுந்த கச்சாப் பட்டு நூலைப் பிரித்துக்கொண்டிருப்பாள். என்னோடு படித்தவர்கள் கல்யாணமாகியோ வேலை கிடைத்தோ ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். பல நாட்களில் 'சாப்பிட்டியா' என்பதைத் தவிர எனக்கு முகத்துக்கு நேரே பேச்சு இருக்காது.

பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கி வீட்டுக்குப் பக்கத்து மனையில் நிறுத்தினேன். சீட்டுகளைக் கழற்றி, ஒரு ஓரத்தில் நல்ல தண்ணீர்த் தொட்டி, வண்டிக்கு அடியில் கழிவுத் தொட்டி, பின்பக்கம் ஒரு சின்ன கழிப்பறை. பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் ஒன்றும் வாங்கினேன். அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து தானாக ஓடும். மூடினால் தானாக நிற்கும். யாரும் திறக்காமலே 'டக்' என்று ஓடி நின்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். முதல் வாரம் முழுக்க அது டக் டக் என்றுகொண்டே இருந்தது. உள்ளே தனியாக உட்கார்ந்து, அது எப்போது பேசும் என்று காத்திருப்பேன். அம்மா மனைப்பக்கம் வரவே இல்லை. வண்டி எதற்கு என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே வரவில்லை என்று நினைக்கிறேன்.

கடையில் வாங்கிய வெள்ளை டேப்பைச் சுற்றினேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால், அந்தக் குலுக்கலில் மூட்டுகள் மறுபடி கசிந்தன. அந்தக் காலத்தில் பிளம்பர்கள் நூல் சுற்றி முடுக்குவார்கள் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. நூலுக்கா எங்கள் வீட்டில் பஞ்சம்? அம்மா ஒதுக்கி வைத்த கச்சாப் பட்டில் ஒரு பிடி அள்ளிக்கொண்டேன். முரட்டு நூல், பசை ஏறி விறைப்பாக இருந்தது. ஒவ்வொரு மூட்டிலும் தாராளமாகச் சுற்றி முடுக்கினேன். ஒரு சொட்டு இல்லை. மோட்டார் வாயை மூடிக்கொண்டது. இதை வீடியோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினேன். ஒருத்தி மட்டும் கட்டைவிரல் போட்டாள்.

தொட்டியில் பிளாஸ்டிக் வாடை போகவில்லை. நன்றாகக் கழுவுவோம் என்று வெந்நீரில் சோப்பும் சோடாவும் கரைத்து ஊற்றி, எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு ஊற வைத்தேன். மறுநாள் வேலை முடிந்து கீழே வந்தபோது வண்டிக்குள் மோட்டார் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எல்லா மூட்டும் ஒழுகியது. ஒன்றைக் கழற்றினேன். விறைப்பாக இருந்த நூல் கையில் மெத்தென்று வழுக்கியது, பளபளவென்று. முகர்ந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. சாயம் போடும் முன் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேக வைப்பார்கள், பசை கரைந்து போகும். பட்டு நெய்யும் இந்த ஊரில் அது தெரியாமல் யார் வளர்ந்தார்கள்? என் குழாய் மூட்டுகளை நானே சாயத்துக்குத் தயார் செய்து வைத்திருந்தேன்.

சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை. நூல்களை ஒவ்வொன்றாக உருவி வண்டிப் படியில் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னாடி, பட்டு வேக வைக்கிற நாத்தம் வருது?"

வாடை பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "பட்டுப் பொடவ கட்டிக்கினு ஒழுகற கொழாய இப்பதான் பாக்கறேன்" என்றாள். பிறகு, நான் கூப்பிடாமலே படியேறினாள். தொட்டியையோ மோட்டாரையோ பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்க் கழிப்பறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சத்தமே இல்லை. நான் ஈர நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது.

"உள்ள தாப்பா எங்கடி?"

தாழ்ப்பாள் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் வந்தால் போதும் என்றிருந்தேன். அன்று துப்பட்டாவைப் பிடித்தவள் நான். அதற்குப் பின்னால் உட்கார்ந்தவள் அவள்.

"தாப்பா போடு. மொதல்ல களம்பூர் வரைக்கும் போய்ப் பாக்கலாம்" என்றாள். கும்பகோணத்தின் பெயரை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது மூட்டுகளில் பருத்தி நூலும் பிளம்பர் பசையும் போட்டிருக்கிறேன். மோட்டார் சும்மா இருக்கிறது. தாழ்ப்பாள் பொருத்தியாயிற்று, கதவுதான் கொஞ்சம் இழுக்கிறது, அதைச் செதுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் களம்பூருக்குக் கிளம்புகிறோம். ரைஸ் மில் லாரிகள் நிற்கும் இடம் வரை போய்த் திரும்புவதுதான் திட்டம். கிளம்பும் முன் அம்மாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் நீட்டப்போகிறேன். அவள் அதைக் குடிக்கிறாளா என்று பார்க்க வேண்டும்.