கண்ணாடிப் பெட்டிக்குள் காதர் பாய் ஸ்டிக்

ஒருவர் ஆசை ஆசையாக வாங்கிய சாமானை அவரையே தொடவிடாமல் தடுப்பதும் எங்கள் தொழிலில் சேர்த்தி. மதுரை கே.கே. நகரில் மூன்று மேஜை போட்டு பூல் கிளப் நடத்துகிறேன். பந்தை அடிக்கும் கோலுக்கு க்யூ என்று பெயர். நம்மூரில் யார் அப்படிச் சொல்கிறார்கள், ஸ்டிக்தான். டி.வி. ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றாதவர்கள், கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்டை அட்டைப்பெட்டியோடு பரணில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நமக்கு ஒரே நோய். நான் அதை அடுத்தவருக்கும் ஒட்டவைத்தேன், அதுதான் வித்தியாசம்.

பழி போட ஒரு ஸ்டிக்

பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் பெங்களூரில் சொல்லிவைத்து ஸ்டிக் செய்து வாங்கினார். தினமும் ஆறு மணிக்குத் தோல் பெட்டியோடு வருவார். திறப்பார், மஞ்சள் துணியால் துடைப்பார், மூடுவார். பிறகு சுவரோரம் கிடக்கும் கிளப் ஸ்டிக் ஒன்றை எடுத்து ஆடுவார். பொருளின் அருமை தெரிந்த மனுஷன் என்று எனக்கு அவர்மேல் தனி மரியாதை. ஒருநாள் அதை அவரிடமே சொன்னேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"அதெல்லாம் இல்லண்ணே. கிளப் ஸ்டிக்குல தோத்தா ஸ்டிக்கு சரியில்லைன்னுட்டுப் போயிரலாம். சொந்த ஸ்டிக்குல தோத்தா யாரைச் சொல்றது?"

பசுமலைப் பேராசிரியர்

பசுமலையில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இதற்கு நேர் எதிர். அம்புட்டு விலை கொடுத்து வாங்கிய ஸ்டிக்கை மண்வெட்டி மாதிரி புழங்குவார். நுனித்தோல் மாற்றுவதற்காக என்னிடம் கொடுத்தபோது பார்த்தேன், உடம்பெல்லாம் கீறல். மேஜைமேல் உருட்டிப் பார்த்தேன். ஸ்டிக் வளைந்திருந்தால் உருளும்போது நுனி துள்ளும். இது வழுக்கிக்கொண்டு நேராகப் போனது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. இதை ஷோகேஸில் வைக்காமல் இப்படிப் பாழடிக்கலாமா என்று பத்து நிமிஷம் பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆடுனா என்ன ஆகுதுன்னு தினமும் எனக்குத் தெரியுதுண்ணே. ஆடாம வச்சா என்ன ஆகுதுன்னு யாரு பார்க்கப் போறா?"

அமானிதம்

காதர் பாய்க்குக் கோரிப்பாளையத்தில் டைல்ஸ் கடை. அமெரிக்காவில் இருக்கும் மருமகன் அவருக்காகவே ஒரு ஸ்டிக் செய்யச் சொல்லி, ஒரு வருஷம் காத்திருந்து கொண்டுவந்து கொடுத்தார். அடியில் சிப்பி பதித்துப் பாயின் பெயர். அன்றைக்கே ஆடத்தான் பாய் அதைக் கிளப்புக்குக் கொண்டுவந்தார். நான் விடவில்லை. நுனியில் தேய்க்கும் சாக்பீஸ் நீலம் ஏறிவிடும், கை வேர்வை பட்டால் மினுமினுப்பு போய்விடும் என்று பயமுறுத்தி, கிளப்பிலேயே கண்ணாடிப் பெட்டி செய்து மாட்டினேன். பாய்மேல் உள்ள அக்கறையால் செய்ததாக அப்போது நானே நம்பினேன். உண்மையில், அப்படி ஒரு ஸ்டிக் என் சுவரில் தொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைப் பார்க்கவே ஆள் வந்தது. போகும்போது பாய் கண்ணாடியை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

"வீட்டுல பேரப்பிள்ளைக தொந்தரவு தம்பி. உங்கிட்ட அமானிதமா விட்டுட்டுப் போறேன், நீ பார்த்துக்குவ."

மேற்குச் சுவர்

இரண்டு வருஷம் போனது. இடையில் பாய்க்குக் கண்ணில் புரை விழுந்து ஆட வருவதே நின்றுவிட்டது. ஒரு சித்திரை மாதம் பெட்டியைத் துடைக்கத் திறந்தவன் சும்மா ஸ்டிக்கை மேஜைமேல் உருட்டினேன். நுனி துள்ளியது. பெட்டி மாட்டியிருந்தது மேற்குச் சுவரில். மத்தியானம் முழுக்க வெயில் வாங்கும் சுவர். அதில் ஸ்டிக்கை இரண்டு வருஷம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

பாய்க்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. வளைவு சுவர்ப் பக்கம் போகிற மாதிரி திருப்பிவைத்துப் பூட்டினேன். பந்து அடுக்கிக் கணக்கு சொல்லும் என் மார்க்கர் செல்வம், என் வயதுக்காரர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு மாதம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"வர்றவுக எல்லாரும் பெட்டியைப் பார்த்துட்டுத்தான் போறாகண்ணே. நீங்கதான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கிறீக."

மூன்று பந்து

கண் ஆபரேஷன் முடிந்து பாய் வந்தார். டாக்டர் ஆடலாம் என்று சொல்லிவிட்டாராம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, இனிமேல் நம்ம ஸ்டிக்கிலேயே ஆடிவிடுவோம் தம்பி என்றார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே என்று நான் இழுத்தது அவர் காதில் விழவில்லை. யார் ஸ்டிக்கை எடுத்தாலும் முதலில் உருட்டிப் பார்ப்பார்கள். பாய் உருட்டவில்லை. என்னிடம் இருந்த ஸ்டிக்காயிற்றே.

மூன்று பந்து அடித்தார். மூன்றும் லேசான பந்துகள். மூன்றும் குழியை விட்டு விலகிப் போயின. பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். வாயைத் திறக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. பழகினால் சரியாகிவிடும் பாய் என்று மட்டும் சொன்னேன்.

"ஆபரேஷன் சரியா வரலை போல தம்பி. ஸ்டிக்கு மேல குத்தம் சொல்லக் கூடாது."

டைல்ஸ் கடையில்

நாலு நாள் கழித்துச் செல்வம் ஒரு தகவல் கொண்டுவந்தார். பாய் ஸ்கூட்டர் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டாராம், இனிமேல் வண்டி ஓட்டப் போவதில்லையாம். அன்றைக்கே பெட்டியைத் திறந்தேன். ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கோரிப்பாளையம் போனேன். கடை மேஜைமேல் பெரிய கிரானைட் டைல் ஒன்று கிடந்தது. அதன்மேல் ஸ்டிக்கை உருட்டினேன். நுனி தட்டித் தட்டித் துள்ளியது. சித்திரை மாதமே எனக்குத் தெரியும் பாய் என்றேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு போயிருப்பேன். பாய் இன்னொரு தடவை உருட்டச் சொன்னார். குனிந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா தம்பி?"

இத்தனை வருஷத் தொழிலில் ஒரு கீறல் விழாமல் நான் கட்டிக்காத்த ஒரே சாமான் என் கௌரவம்தான், அதையும் அன்றைக்கு அந்த டைல்மேல் உருட்டியிருந்தால் நன்றாகவே துள்ளியிருக்கும்.